சர்வர் திணறும்போது வரம்பை உயர்த்தலாமா?

கேள்வி: ஈரோடு சந்தையின் மஞ்சள் விலையை அன்றாடம் வெளியிடும் சிறிய இணையதளம் ஒன்றை நடத்துகிறோம். ஏலம் முடிந்து விலையைப் பதிவேற்றியதும் விவசாயிகளும் வியாபாரிகளும் ஒரே நேரத்தில் வருவதால் தளம் திணறியது. பக்கங்களை அனுப்பும் மென்பொருளான அப்பாச்சியின் பிழைப்பதிவில், ஒரே நேரத்தில் எத்தனை கோரிக்கைகளைக் கவனிக்கலாம் என்ற ‘மேக்ஸ்ரிக்வெஸ்ட்வொர்க்கர்ஸ்’ எல்லையைத் தொட்டுவிட்டதாகவும், அதை உயர்த்துவது பற்றி யோசிக்கும்படியும் இருந்ததால் 150 என்பதை 250 ஆக்கினோம். இப்போது தரவுத்தளமான மைஎஸ்க்யூஎல் தானாகவே நின்றுவிடுகிறது. சர்வரின் நினைவகம் 4 ஜிபி. என்ன செய்யலாம்?
— வாசகர், பெருந்துறை

பதில்: முதலில் அந்த எண்ணைக் கீழே இறக்குங்கள், பழைய 150 கூட உங்கள் சர்வருக்கு அதிகம். நெரிசல் நேரத்தில் அப்பாச்சியின் ஒவ்வொரு புராசஸும் (ஒரு நேரத்தில் ஒரு கோரிக்கையைக் கவனிக்கும் தனி இயக்கம்) எவ்வளவு நினைவகம் எடுக்கிறது என்று பாருங்கள். ‘டாப்’ கட்டளை காட்டும் அளவில் புராசஸ்கள் தமக்குள் பகிர்ந்துகொள்ளும் பகுதியும் திரும்பத் திரும்பச் சேர்வதால், பகிர்வைப் பிரித்துக் கணக்கிடும் பிஎஸ்எஸ் அளவே சரியானது. அது 60 எம்பி என்று வைத்துக்கொண்டால், 250 புராசஸ்களுக்கு ஏறத்தாழ 15 ஜிபி வேண்டும். மைஎஸ்க்யூஎல்லுக்கு 1 ஜிபியும் மற்றவற்றுக்கு அரை ஜிபியும் ஒதுக்கினால் மீதி இரண்டரை ஜிபி. அதில் 40 புராசஸ்களுக்கே இடமுண்டு. ஊற்று குறைந்த கிணற்றில் மோட்டாரின் குதிரைத்திறனைக் கூட்டித் தண்ணீர் எடுத்துவிட முடியாதல்லவா?

மைஎஸ்க்யூஎல் நிற்பதற்குக் காரணம் அதனிடம் உள்ள கோளாறு அன்று. நினைவகம் முற்றிலும் தீர்ந்ததும் லினக்ஸின் மையப்பகுதியான கெர்னல், பெரும்பாலும் அதிக நினைவகம் வைத்திருக்கும் புராசஸைத் தேர்ந்து கொன்றுவிடும். தனியாகப் பார்த்தால் அப்பாச்சியின் புராசஸ்களைவிட மைஎஸ்க்யூஎல் பெரியது என்பதால் அதுவே பலியாகிறது. கெர்னல் பதிவில் ‘அவுட் ஆஃப் மெமரி’ என்ற வரி இருக்கிறதா என்று பார்த்து இதை உறுதிசெய்துகொள்ளுங்கள். வட்டின் ஒரு பகுதியை நினைவகம்போல் பயன்படுத்தும் ஸ்வாப்பைக் கூட்டினால் உடனடிச் சாவு தள்ளிப்போகுமே தவிர, எல்லாப் புராசஸ்களும் வட்டுக்காகக் காத்திருந்து தளம் முன்னிலும் மோசமாக உறைந்துபோகும்.

40 போதுமா என்ற அச்சம் வேண்டாம். ஒரு பக்கம் 0.2 நொடியில் தயாரானால் 40 புராசஸ்கள் நொடிக்கு 200 பக்கங்களைத் தரும்; அதே பக்கம் 2 நொடி எடுத்தால் 20 தான். வரம்புக்கு மேல் வருபவர்கள் சிறிது நேரம் வரிசையில் நிற்பார்கள், அவ்வளவே. ஆகவே, புராசஸை எது பிடித்துவைத்திருக்கிறது என்பதைத்தான் தேட வேண்டும். மெதுவான வினவல்களைக் குறித்துவைக்கும் மைஎஸ்க்யூஎல்லின் ஸ்லோ குவெரி பதிவை இயக்கினால், தேடலை விரைவாக்கும் இண்டெக்ஸ் இல்லாத அட்டவணைகளைத் துழாவும் வினவல்கள் பெரும்பாலும் அதில் அகப்படும். ஒருவரின் அடுத்த கோரிக்கைக்காக இணைப்பைத் திறந்துவைக்கும் ‘கீப்அலைவ் டைம்அவுட்’ இயல்பாக 5 நொடி. பக்கத்தை வாங்கியவர் வேறெதுவும் கேட்காத அந்த நேரத்திலும் ஒரு முழுப் புராசஸ் அவருக்காகவே காத்திருக்கும். அதை 1 அல்லது 2 நொடியாக்குங்கள்.

உங்கள் தளத்துக்கு இவை எல்லாவற்றையும்விடப் பயன் தரும் வழி ஒன்று உண்டு. விலைப்பட்டியல் எல்லோருக்கும் ஒன்றே. பதிவேற்றும்போது மட்டுமே மாறுகிறது. ஒவ்வொருவருக்காகவும் பிஎச்பி நிரல் அதைப் புதிதாகத் தயாரிக்க வேண்டிய தேவையே இல்லை. விலையைப் பதிவேற்றும் அக்கணத்திலேயே அதை நிலையான எச்டிஎம்எல் கோப்பாக எழுதிவையுங்கள். ஒரே புராசஸ் பல இணைப்புகளைக் கவனிக்கும் ‘ஈவென்ட்’ முறைக்கு அப்பாச்சியை மாற்றி, பிஎச்பியை எஃப்பிஎம் என்ற சேவை வழியாகத் தனியே ஓடவிட்டால், அந்தக் கோப்பைக் கொடுக்க 60 எம்பி புராசஸ் எதுவும் தேவைப்படாது.