கொத்தனார் பெயர் தாங்கிய வணிகப்பள்ளியிலிருந்து தொழிற்சங்க வேலைக்கு: ஒரு தாய்க்கு எழுதிய பதில்

அன்புள்ள அம்மா அவர்களுக்கு வணக்கம்.

அயர்லாந்தின் லிமரிக் நகரிலிருந்து நீங்கள் எழுதிய நீண்ட மடல் கிடைத்தது. லிமரிக் பல்கலைக்கழகத்தின் கெம்மி வணிகப்பள்ளியில் இறுதியாண்டு படிக்கும் உங்கள் மகன், கணக்காய்வு நிறுவனம் ஒன்று தரவிருக்கும் பயிற்சி ஒப்பந்தத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தொழிற்சங்கத்தில் அமைப்பாளர் வேலைக்கு விண்ணப்பிக்கப் போவதாகவும், பிற்பாடு தொழிலாளர் கட்சி வழியாக அயர்லாந்து நாடாளுமன்றத்துக்குப் போகும் எண்ணம் இருப்பதாகவும் சொன்ன நாள் முதல் உங்களுக்குத் தூக்கம் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். "இவ்வளவு படித்த பிள்ளை கொடி பிடிக்கப் போகலாமா?" என்ற உங்கள் கேள்வியை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. கடல் கடந்து போய்ச் செவிலியராக இரவுப் பணி பார்த்துப் பிள்ளையை வளர்த்தவர் அப்படிக் கேட்பதில் வியப்பில்லை. ஆனால், உங்கள் மடலில் இரண்டு வேறு வேலைகள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. தொழிற்சங்க அலுவலர் பணி ஒன்று; அரசியல்வாதியின் வாழ்க்கை மற்றொன்று. முதலாவதற்கு ஊதியமும் நியமன ஆணையும் பதவி உயர்வும் உண்டு. இரண்டாவதை எந்த ஆலோசகராலும் திட்டமிட்டுக் கொடுக்க முடியாது. இவற்றைப் பிரித்துப் பார்த்தால் உங்கள் அச்சத்தில் பாதி குறையும். மீதிப் பாதி நியாயமான அச்சம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தம்பி படிக்கும் பள்ளியின் பெயரிலிருந்தே தொடங்கலாம். அந்தப் பெயருக்கு உரியவரான ஜிம் கெம்மி ஒரு கல் கொத்தனார். 1936இல் லிமரிக்கில் பிறந்த அவர், 15 வயதில் பள்ளியை விட்டு, தந்தை செய்துவந்த கல் வேலையிலேயே பயிற்சிக்குச் சேர்ந்தார். தந்தை காசநோயால் இறந்துவிட, குடும்பப் பாரம் இளவயதிலேயே அவர் தோளில் விழுந்தது. அந்தக் காலத்து அயர்லாந்து இளைஞர்கள் பலரைப் போல இங்கிலாந்துக்குப் பிழைக்கப் போய், சில ஆண்டுகளில் ஊர் திரும்பி, செங்கல், கல் கட்டுமானத் தொழிலாளர் சங்கத்தின் லிமரிக் கிளைச் செயலாளரானார். தொழிலாளர் கட்சியில் சேர்ந்தார். அதன் உள்ளூர்த் தலைமையோடு ஒத்துப்போக முடியாமல் 1972இல் வெளியேறினார். 1974இல் நகர மன்றத்துக்கும், 1981 ஜூனில் டாயில் எனப்படும் கீழவைக்கும் சுயேச்சையாகவே தேர்ந்தெடுக்கப்பட்டார். நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தபோது அவருக்கு வயது 44. அதற்குள் சங்க வேலையில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழிந்திருந்தன.

அடுத்த ஏழு மாதங்களில் நடந்ததை அயர்லாந்தில் இன்றும் சொல்வார்கள். பிரதமர் கேரட் ஃபிட்ஸ்ஜெரால்டின் கூட்டணி அரசுக்குப் பெரும்பான்மை இல்லை; கெம்மி போன்ற சுயேச்சைகளின் ஆதரவில்தான் அது நின்றது. 1982 ஜனவரி 27 அன்று நிதிநிலை அறிக்கை வந்தது. அதில் உணவு மானியங்கள் குறைக்கப்பட்டிருந்தன. குழந்தைகளின் உடைக்கும் காலணிக்கும்கூட மதிப்புக் கூட்டு வரி விதிக்கப்பட்டிருந்தது. குழந்தைக் காலணிக்கு மட்டும் விலக்கு அளித்தால், சிறிய பாதம் கொண்ட பெண்கள் அவற்றை வாங்கி வரியைத் தவிர்ப்பார்கள் என்று அரசுத் தரப்பில் கூறப்பட்ட விளக்கம் பின்னாளில் கேலிக்குரிய கதையாக நிலைத்துவிட்டது. கெம்மி எதிர்த்து வாக்களித்தார். 82க்கு 81 என்ற கணக்கில் அரசு கவிழ்ந்தது. சம்பள உறையைப் பிரித்து எண்ணிப் பார்க்கும் குடும்பங்களோடு இருபது ஆண்டுகள் பழகியவருக்கு, குழந்தையின் காலணி வரவு செலவுக் கணக்கில் ஒரு சிறு வரியாகத் தெரிந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

இதற்குப் பிந்தைய பகுதியைத்தான் பெற்றோர் கவனமாகப் படிக்க வேண்டும். அடுத்த மாதத் தேர்தலில் கெம்மி வென்றார். அதே ஆண்டு நவம்பரில் நடந்த தேர்தலில் தோற்றார். கருக்கலைப்புத் தடையை அரசியலமைப்பில் சேர்க்கும் முயற்சியை அவர் வெளிப்படையாக எதிர்த்ததால், அவருக்கு எதிராகக் கடுமையான பிரச்சாரம் நடந்தது. ஒரே ஆண்டில் ஓர் அரசைக் கவிழ்க்கும் இடத்திலும் இருந்தார், நாடாளுமன்றப் பதவியை இழந்தும் நின்றார். ஆனால், அவர் வெறுங்கையோடு நிற்கவில்லை. நகர மன்றப் பணி இருந்தது. 1979இல் தொடங்கித் தாமே ஆசிரியராக இருந்து நடத்திய லிமரிக் வரலாற்று இதழ் இருந்தது. 1987இல் மீண்டும் டாயிலுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். தாம் நிறுவிய சிறிய கட்சியை 1990இல் தொழிலாளர் கட்சியோடு இணைத்தார். 1991இலும் 1995இலும் நகர மேயரானார். 1997 செப்டம்பரில் இறந்தபோதும் அவர் நாடாளுமன்ற உறுப்பினர்தான். 15 வயதில் பள்ளியை விட்டவரின் பெயரைப் பல்கலைக்கழகம் தன் வணிகப்பள்ளிக்கு வைத்தது அதற்குப் பிறகு.

கெம்மியின் காலம் வேறு, பட்டம் பெற்ற பிள்ளைக்கு அவர் எப்படி முன்மாதிரி ஆவார் என்று நீங்கள் கேட்கலாம். பட்டம் பெற்றுச் சங்கத்துக்குப் போன ஒருவரையும் காட்டுகிறேன். ஏமன் கில்மோர் 1955இல் கால்வே மாவட்டத்துச் சிறு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர்; கைக்குழந்தையாக இருந்தபோதே தந்தையை இழந்தவர். கால்வே பல்கலைக்கழகக் கல்லூரியில் உளவியல் படித்தார். 1976 முதல் 1978 வரை அயர்லாந்து மாணவர் ஒன்றியத்தின் தலைவராக இருந்து, 1978இல் அயர்லாந்துப் போக்குவரத்து, பொதுத் தொழிலாளர் சங்கத்தில் அலுவலராகச் சேர்ந்தார். (அந்தச் சங்கமும், 1924இல் அதன் நிறுவனர் ஜிம் லார்க்கின் தரப்பினர் அதிலிருந்து பிரிந்துபோய் அமைத்த சங்கமும், 66 ஆண்டுப் பிணக்குக்குப் பிறகு 1990இல் ஒன்றாகி இன்றைய சிப்டூ ஆயின. அயர்லாந்தின் மிகப் பெரிய சங்கம் அதுதான். தொழிற்சங்கத்துக்குள் பொறுமை எவ்வளவு தேவை என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.) கில்மோர் 1985இல் டப்ளின் மாவட்ட மன்றத்துக்கும், 1989இல் தொழிலாளர்களின் கட்சி என்ற வேறோர் இடதுசாரிக் கட்சியின் சார்பில் (இது தொழிலாளர் கட்சி அன்று) டாயிலுக்கும் போனார். கட்சி பிளந்தது, புதுக் கட்சி பிறந்தது, அது 1999இல் தொழிலாளர் கட்சியோடு இணைந்தது. 2002இல் தலைமைப் பதவிக்குப் போட்டியிட்டுத் தோற்றார். 2007இல் போட்டியின்றித் தலைவரானார்.

அவரது தலைமையில் 2011 தேர்தலில் கட்சி 37 இடங்களை வென்றது. அதன் வரலாற்றிலேயே அதுதான் மிகப் பெரிய வெற்றி. கில்மோர் துணைப் பிரதமராகவும் வெளியுறவு அமைச்சராகவும் ஆனார். ஆனால், கடன் நெருக்கடியில் சிக்கிய நாட்டில் செலவைக் குறைக்கும் அரசில் பங்கேற்றதற்கான விலையை அந்தக் கட்சி கொடுத்தது. 2014 உள்ளாட்சி, ஐரோப்பியத் தேர்தல்களில் படுதோல்வி கண்டபின் அவர் தலைமையை விட்டு விலகினார். 2016இல் கட்சிக்குக் கிடைத்தவை 7 இடங்கள். 37லிருந்து 7 என்பது முப்பது பேர் வேலையிழந்த கணக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்களில் கடுமையாக உழைத்தவர்களும் இருந்திருப்பார்கள். கில்மோருக்குப் பிறகும் பணி கிடைத்தது: 2015இல் கொலம்பிய அமைதிப் பேச்சுக்கான ஐரோப்பிய ஒன்றியத்தின் சிறப்புத் தூதர், 2019 முதல் 2024 வரை மனித உரிமைகளுக்கான சிறப்புப் பிரதிநிதி. எதிரெதிர்த் தரப்புகளை ஒரே மேசையில் உட்கார வைக்கும் பழக்கம் அவருக்குச் சங்க நாட்களில் வந்தது என்று நான் கருதுகிறேன். எல்லோருக்கும் அத்தகைய இரண்டாவது வாய்ப்பு அமையும் என்று எதிர்பார்ப்பது பேதைமை.

ஆகவே, அரசியலைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டு, சங்க வேலை மட்டுமே வாழ்நாள் முழுவதும் என்றால் தம்பிக்கு அது பொருந்துமா என்ற ஒரு கேள்வியை மட்டும் வைத்து முடிவெடுங்கள். நாடாளுமன்றத்துக்கு ஏணியாகச் சங்கத்தை நினைப்பவரை உறுப்பினர்கள் ஆறு மாதத்தில் கண்டுகொள்வார்கள். அவர்களில் எல்லாக் கட்சிக்கும் வாக்களிப்பவர்கள் இருப்பார்கள். 1912இல் குளோன்மெல் நகரில் கூடிய தொழிற்சங்கப் பேராயமே தொழிலாளர் கட்சியைத் தோற்றுவித்தது என்றாலும், இன்று எந்தக் கட்சியோடும் சேராத சங்கங்கள் பல உண்டு.

அந்த வேலை எப்படிப்பட்டது? நீங்களே 2019 ஜனவரி 30 அன்று மருத்துவமனை வாசலில் பனிக்குளிரில் நின்றதாக எழுதியிருக்கிறீர்கள். செவிலியர் சங்கத்தின் அந்த வேலைநிறுத்தம் பிப்ரவரியில் தொழிலாளர் நீதிமன்றத்தின் பரிந்துரைக்குப் பிறகு நிறுத்தப்பட்டதும், அதன் தொடர்ச்சியாகச் செவிலியருக்குப் புதிய ஊதிய விகிதம் வந்ததும் உங்களுக்குத் தெரியும். வாசலில் நின்றவர்கள் நீங்கள்; உள்ளே மேசையில் உட்கார்ந்து எண்களோடு மல்லுக்கட்டியவர்கள் சங்க அலுவலர்கள். 1990ஆம் ஆண்டுத் தொழில் உறவுச் சட்டப்படி ரகசிய வாக்கெடுப்பு நடத்துவதும், வேலையளிப்பவருக்குக் குறைந்தது ஒரு வாரம் முன்னறிவிப்புக் கொடுப்பதும், தவறினால் சட்டப் பாதுகாப்புப் போய்விடும் என்பதால் ஒவ்வொரு தாளையும் சரிபார்ப்பதும் அவர்கள் பொறுப்பு. அதுவும் ஆண்டுக்கு ஒரு முறை வரும் வேலை. மற்ற நாட்களில், விடுப்பு மறுக்கப்பட்டவர், எச்சரிக்கைக் கடிதம் பெற்றவர், மேலாளர் ஏசியதால் அழுதுகொண்டு வருபவர் ஆகியோரோடு ஒழுங்கு விசாரணையில் உடன் உட்கார வேண்டும். வேலைத் தகராறுகளை விசாரிக்கும் பணியிட உறவுகள் ஆணையத்துக்கு மனு எழுத வேண்டும். சங்கத்தின் பெயரைக் கேட்டாலே முகம் திருப்பும் கடையில் உறுப்பினர் சேர்க்க வேண்டும். அமைப்பாளராகத் தொடங்குபவருக்குப் பெரும்பாலும் கடைசியாகச் சொன்னதே வாய்க்கும்.

வணிகப் படிப்பு வீணாகுமா என்று கேட்டிருந்தீர்கள். "லாபம் இல்லை, ஊதிய உயர்வு தர இயலாது" என்று நிறுவனம் சொல்லும்போது அதன் இருப்புநிலைக் குறிப்பைப் பிரித்துப் படித்துக் கேள்வி கேட்கத் தெரிந்த ஆளுக்குச் சங்கத்தில் தனி மதிப்பு உண்டு. சில ஆண்டுகளுக்குப் பிறகு இந்தத் துறை பிடிக்கவில்லை என்றாலும், மனிதவளப் பிரிவுகளும் வேலைச் சட்ட அலுவலகங்களும் பேரம் பேசிப் பழகியவரை ஏற்கும். மேசையின் எதிர்ப்பக்கம் போய் உட்காருவது சிலருக்கு மனம் ஒப்பாது, அது வேறு. கணக்காய்வுப் பயிற்சியை முதலில் முடிக்கட்டும் என்ற உங்கள் யோசனை தவறானதன்று. ஆனால், மூன்று அல்லது மூன்றரை ஆண்டு நீளும் அந்த ஒப்பந்தத்தையும் அதன் தேர்வுகளையும் அரை மனதோடு தாண்டியவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

குடியுரிமை பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தம்பி இன்னும் இந்தியக் கடவுச்சீட்டோடு இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். டாயிலுக்குப் போட்டியிட 21 வயதும் அயர்லாந்துக் குடியுரிமையும் வேண்டும். இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை என்பதால், அதைப் பெறும் நாளில் இந்தியக் குடியுரிமை போய்விடும். உள்ளாட்சித் தேர்தலின் விதி வேறு: 18 வயது நிரம்பி அங்கே வழக்கமாக வசிப்பவர் குடியுரிமை இல்லாமலே வாக்களிக்கலாம், போட்டியிடவும் செய்யலாம். நாட்டில் 31 உள்ளாட்சி மன்றங்களும் 949 உறுப்பினர்களும் இருக்கிறார்கள். கெம்மியும் கில்மோரும் நுழைந்த வாசலும் அதுதான். ஒரு தொகுதிக்குப் பல உறுப்பினர், வாக்காளர் ஒன்று இரண்டு மூன்று என வரிசையிட்டு வாக்களிக்கும் முறை என்பதால், வீட்டு வாசலில் முகம் தெரிந்த ஆளுக்கு அங்கே எடை கூடுதல். இந்த முடிவுக்கு அவசரமில்லை. முப்பது வயதில் எடுத்தாலும் தாமதம் ஆகாது.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். தம்பி வார இறுதிகளில் பல்பொருள் அங்காடியில் வேலை பார்ப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கடையில் சங்கம் இருக்கிறதா, அவர் உறுப்பினரா, சக ஊழியர் ஒருவருக்காக ஒரு முறையாவது மேலாளரிடம் பேசியிருக்கிறாரா என்று கேளுங்கள். சண்டையாகக் கேட்காமல், சாப்பிடும்போது கேளுங்கள். மூன்றுக்கும் இல்லை என்பது பதிலானால், அவருக்குப் பிடித்திருப்பது சங்கத்தைப் பற்றிய எண்ணம்தான். வேலை எப்படியிருக்கும் என்று அவர் இன்னும் பார்க்கவில்லை. அப்போது கணக்காய்வு ஒப்பந்தத்தைக் கைவிட வேண்டாம் என்றே நானும் சொல்வேன். ஆம் என்றால், அவர் விண்ணப்பிக்கட்டும்; நீங்கள் தடுக்காதீர்கள். உங்கள் மருத்துவமனைக் கிளையின் சங்கப் பிரதிநிதியிடம் சொல்லி, ஓய்வு நாள் ஒன்றில் அரை மணி நேரம் தம்பியோடு பேச ஏற்பாடு செய்யுங்கள். அலுவலரின் கைப்பேசி இரவு எத்தனை மணிக்கு ஓயும் என்பதையும் அவரே சொல்லட்டும்.

சங்கத்தின் வேலை அறிவிப்பு வந்ததும் ஊதிய விகிதம், தகுதிகாண் காலம், ஓய்வூதியத் திட்டம், சொந்த வாகனம் தேவையா என்ற நான்கையும் குறித்து எனக்கு அனுப்புங்கள். கணக்காய்வு நிறுவனத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய கடைசி நாளையும் சேர்த்து எழுதுங்கள். இரண்டு தேதிகளையும் வைத்துக்கொண்டு தம்பியோடு நேரில் பேசுகிறேன்.