விழக் கற்றுக்கொடுக்கும் பெண்ணுக்குப் பொறியியல் எதற்கு?

பிளஸ் டூ முடித்த மகளை அழைத்துக்கொண்டு போன வாரம் ஒரு தந்தை என்னிடம் ஆலோசனை கேட்டு வந்தார். மேசைமேல் பொறியியல் கல்லூரியின் விளக்கக் கையேட்டை வைத்தார். "எத்தனை நாளைக்கு ஜூடோ, ஜூடோ என்று இருப்பாள்? மைத்துனர் நிர்வாக ஒதுக்கீட்டில் இடம் பேசி வைத்திருக்கிறார்" என்றார். மகள் வாய் திறக்கவில்லை. விரல் மூட்டில் சுற்றியிருந்த டேப்பின் நுனியைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

எதிராளியைப் பிடித்துத் தரையில் எறியும் ஜூடோவில் எது பிடிக்கும் என்று அவளிடம் கேட்டேன். "சின்னப் பிள்ளைகளுக்கு விழச் சொல்லிக்கொடுப்பது" என்றாள். முகவாய் நெஞ்சோடு ஒட்ட வேண்டும், முதுகு தரையைத் தொடும்போதே கை விரிப்பை ஓங்கி அறைய வேண்டும் என்று நாற்காலியில் இருந்தபடியே செய்து காட்டினாள். அதுவரை இல்லாத வெளிச்சம் முகத்தில்.

அந்தத் தந்தைக்குச் சொல்கிறேன்: ஐயா, கவலைப்படாதீர்கள் என்று சொல்லி உங்களை அனுப்பியிருக்கலாம். ஆனால், கடன் வாங்கி அந்த இடத்தை வாங்காதீர்கள் என்றுதான் சொல்வேன். கணக்கு அவளுக்கு ஒத்துவரவில்லை என்று நீங்களே சொன்னீர்கள். மைத்துனர் இடம் பேசுவார். தவணை கட்டப்போவது நீங்கள்.

ரயில்வே, காவல்துறை விளையாட்டு ஒதுக்கீட்டைப் பற்றிச் சொல்ல ஊரில் பலர் இருக்கிறார்கள். பலரும் சொல்லாதது பயிற்சியாளர் படிப்பு. பஞ்சாபின் பாட்டியாலாவில், பழைய மோதிபாக் அரண்மனை வளாகத்தில், 1961 முதல் நேதாஜி சுபாஷ் தேசிய விளையாட்டு நிறுவனம் நடக்கிறது. விளையாட்டு வட்டாரத்தில் 'என்.ஐ.எஸ்.' என்றால் போதும். அங்கே ஜூடோவுக்கு ஓராண்டு பயிற்சியாளர் பட்டயப் படிப்பு உண்டு. எறியும் நுணுக்கம் மட்டுமல்ல. தசை எப்படிக் களைக்கிறது, போட்டிக்கு எத்தனை வாரம் முன்பு பயிற்சியைக் கூட்டுவது, எப்போது குறைப்பது, தோற்ற பிள்ளையிடம் எப்படிப் பேசுவது என்று உடலியங்கியலும் உளவியலும் சேர்த்தே படிக்க வேண்டும். இந்திய விளையாட்டு ஆணையமும் மாநில ஆணையங்களும் பயிற்சியாளரைத் தேடும்போது இந்தப் பட்டயத்துக்கு மதிப்பு அதிகம். மத்திய அரசின் விளையாட்டுத் திட்டமான கேலோ இந்தியாவில் மாவட்டந்தோறும் திறக்கப்படும் மையங்களிலும் முன்னாள் வீரர்களே பயிற்சி தருகிறார்கள்.

என்.ஐ.எஸ். பட்டயப் படிப்பில் சேர, கல்லூரிப் பட்டமும் போட்டி அனுபவமும் வேண்டும். அதனால் ஜூடோ அணி உள்ள கலை அறிவியல் கல்லூரியில், குறைந்த கட்டணத்தில், அவளுக்குப் பிடித்த பாடத்தில் சேருங்கள். பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிகளில் ஆடட்டும். 2022 பர்மிங்ஹாம் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டியில் ஜூடோவில் சுசீலா தேவியும் துலிகா மானும் வெள்ளி வென்றார்கள். எல்லோருக்கும் அது வாய்க்காது. முழங்கால் தசைநார் ஒருமுறை கிழிந்தால் ஓராண்டு போய்விடும். கற்றுக்கொடுக்கும் திறமையை அந்தக் காயம் பறிக்காது.

செலவில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். அங்கீகாரமில்லாத சங்கத்தின் பெல்ட் தேர்வுக்கும் 'சர்வதேச' சான்றிதழுக்கும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். மத்திய அரசு வேலைக்கு, மாநில அணியில் ஆடியவர் காட்ட வேண்டியது மாநிலச் சங்கச் செயலாளர் கையெழுத்திட்ட 'படிவம் 2' என்னும் விளையாட்டுச் சான்றிதழ். கோப்பையின் உயரத்தை அங்கே யாரும் அளப்பதில்லை. குறைந்த எடைப் பிரிவில் ஆடுவதற்காக அவளைப் பட்டினி போடச் சொன்னால், அந்தப் பயிற்சியாளரை மாற்றுங்கள்.

அடுத்த சனிக்கிழமை சான்றிதழ்கள் வைத்திருக்கும் ஃபைலை எடுத்து வாருங்கள். படிவம் 2 இருக்கிறதா என்று முதலில் பார்ப்போம். மைத்துனரும் வரட்டும், அவரிடம் நானே பேசுகிறேன்.