வாசகர் கேள்வி பதில்: மோசே வரத் தாமதித்தால்...

கே: 'இந்த வருஷம் வேதாகமத்தை முழுதாக வாசித்து முடிப்பேன்' என்று புத்தாண்டு ஆராதனையில் தீர்மானம் எடுத்தேன். பிப்ரவரியிலேயே நின்றுபோனது. இப்போது விடிந்ததும் கை போனைத்தான் தேடுகிறது. போனும் விக்கிரகமா?
– வாசகி, திருமங்கலம்

ப: சகோதரி, முதலில் கணக்கைப் பாருங்கள். வேதத்தில் 1,189 அதிகாரங்கள். வருஷத்துக்குள் முடிக்க நாளுக்கு மூன்றுக்கும் மேல் வாசிக்க வேண்டும். ஆதியாகமம் 50, யாத்திராகமம் 40 என்று அந்த வேகத்தில் போனால், ஜனவரி கடைசியில் லேவியராகமம் வந்துவிடும். பலிகளின் முறைமைகளை விளக்கிச் சொல்ல ஆளில்லாமல் தனியே வாசிப்பது கடினம். பலரும் சோர்ந்துபோவது அங்கேதான். அதில் நாலு நாள் விட்டுப்போனால் 13 அதிகாரம் பாக்கி விழும். அந்தப் பாக்கியை அடைக்கப் பார்த்தே மொத்தத்தையும் கைவிடுகிறோம்.

விட்டது போகட்டும். நாளைக்கு மாற்கு சுவிசேஷத்தில் ஆரம்பியுங்கள். 16 அதிகாரம்தான்; நாளுக்கு அரை அதிகாரம் என்றால் ஒரு மாதத்தில் முடியும். கூடவே 119ஆம் சங்கீதத்தில் ஒரு பகுதி, எட்டே வசனம், வாய்விட்டு வாசியுங்கள். நடுவில் ஒரு நாள் தவறினால், மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடருங்கள்; இரட்டிப்பாக வாசிக்க வேண்டாம்.

போன் சார்ஜரைப் படுக்கையறையிலிருந்து எடுத்துவிடுங்கள். எழுப்பிவிட ஓர் அலாரம் கடிகாரம் போதும். வேதாகம ஆப் நல்லதுதான். ஆனால் வசனத்தின் மேலேயே வாட்ஸ்அப் செய்தி வந்து நிற்கும். காலையில் அச்சிட்ட வேதாகமத்தையே எடுங்கள்.

விக்கிரகமா என்று கேட்டீர்கள். யாத்திராகமம் 32ஐப் பாருங்கள். மோசே மலையிலிருந்து இறங்கிவரத் தாமதித்ததைக் கண்டுதான் ஜனங்கள் அவருடைய சகோதரன் ஆரோனிடம் போய், தங்களுக்குத் தெய்வங்களைச் செய்யச் சொன்னார்கள். காத்திருக்க முடியாமல் போன இடத்தில் பொன் கன்றுக்குட்டி என்ற விக்கிரகம் உருவானது. ஜெபத்துக்குப் பதில் வராத வாரங்களில் போன் பார்க்கும் நேரம் கூடுகிறதா? எத்தனை மணி நேரம் என்று போனே காட்டும். கூடியிருந்தால், ஆண்டவரிடம் ஆறுதல் தேடவேண்டிய நேரத்தில் எங்கே தேடினீர்கள் என்பது தெரிந்துவிடும்.

கே: மகன் நீட் எழுதுகிறான். ஞாயிறு காலையில் கோச்சிங் டெஸ்ட். பரீட்சை முடியும்வரை கோயிலுக்குப் போகாமல் இருப்பது தவறா?
– வாசகர், உசிலம்பட்டி

ப: படிப்பு தவறே இல்லை. 'முடியும்வரை' என்ற வார்த்தைதான் ஆபத்து. நீட்டுக்குப் பின் கவுன்சலிங், பிறகு கல்லூரி, பிறகு மேற்படிப்பு. தள்ளிப்போட்டது தள்ளியே போகும். டெஸ்ட்டுக்கு முன் முடியும் முதல் ஆராதனையோ, மாலை ஆராதனையோ எங்கே உண்டு என்று விசாரியுங்கள். வேறு சபையானாலும் பரவாயில்லை. மகன் மட்டும் போனால் போதாது, நீங்களும் கூடப் போங்கள்.

இரவில் பத்து நிமிஷம் குடும்ப ஜெபம் வையுங்கள். சங்கீதத்தை அவனே தெரிந்தெடுக்கட்டும். பல வீடுகளில் ஜெபம் கெட்டுப்போவது ஒரே காரணத்தால்: "ஆண்டவரே, இவன் போனை விட்டுட்டுப் படிக்கணும்" என்று ஜெபத்துக்குள்ளேயே பிள்ளையைத் திட்டிவிடுகிறோம். அதைக் கேட்டு வளரும் பிள்ளைக்கு, ஆண்டவரும் மார்க் பார்த்துத்தான் அன்பு வைப்பார் என்று தோன்றிவிடும். மார்க்குக்காக ஜெபிக்கும் நாளிலேயே, அவன் சிநேகிதர்களுக்காகவும் பக்கத்து வீட்டாருக்காகவும் அவனை ஜெபிக்கச் சொல்லுங்கள்.

கே: இ.எம்.ஐ., நகைச்சீட்டு எல்லாம் போக, காணிக்கைக்கு எதுவும் மிஞ்சுவதில்லை.
– வாசகர், மேலூர்

ப: மிஞ்சுவதைக் கொடுக்கப் பார்த்தால் என்றைக்கும் மிஞ்சாது. சம்பளம் வந்த அன்றே, தொகை சிறியதானாலும், காணிக்கை உறையில் போட்டு வையுங்கள். கடன் வாங்கிக் காணிக்கை கொடுக்காதீர்கள். நடப்புச் சீட்டு முடிந்ததும் அடுத்ததில் சேருமுன் ஒரு மாதம் பொறுங்கள். பொருளாசையை விக்கிரகாராதனை என்றே கொலோசெயர் 3:5 சொல்கிறது.

கே: ஜனவரி 1 அன்று கிடைத்த வாக்குத்தத்த அட்டையை (வருஷத்துக்கான வேத வசனம் அச்சிட்டது)ப் பர்ஸிலேயே வைத்திருக்கிறேன். வீட்டில் மறந்துவிட்டால் பயமாக இருக்கிறது.
– வாசகி, மதுரை

ப: அந்தப் பயத்தைக் கவனியுங்கள். பாம்பு கடித்தவர்கள் நோக்கிப் பார்த்துப் பிழைக்கும்படி, வெண்கல சர்ப்பத்தை மோசே செய்தது தேவன் சொல்லித்தான். பிற்காலத்தில் ஜனங்கள் அதற்குத் தூபங்காட்டியதால் எசேக்கியா ராஜா அதை உடைத்துப்போட்டார் (2 இராஜாக்கள் 18:4). அட்டையைக் கிழிக்க வேண்டாம். அதிலுள்ள வசனம் வரும் அதிகாரம் முழுவதையும் வாசியுங்கள். உதாரணமாக, பலருக்கும் பிரியமான எரேமியா 29:11. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன ஜனங்களுக்கு, தேவன் அவர்கள்பேரில் நினைத்திருப்பது தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்று சொல்லும் வசனம் அது. அதற்கு முந்தின வசனமே பாபிலோனில் 70 வருஷம் நிறைவேற வேண்டும் என்கிறது. அதுவரை வீடு கட்டிக் குடியிருக்கவும், தோட்டம் போட்டு அதன் கனியைச் சாப்பிடவும் 5ஆம் வசனம் சொல்கிறது. பட்டணத்துக்காக ஜெபிக்க 7ஆம் வசனம் சொல்கிறது. உங்கள் வசனத்துக்கு முன்னும் பின்னும் உள்ள ஐந்தைந்து வசனங்களை ஒரு நோட்டில் எழுதி, அதிலுள்ள கட்டளைகளுக்கு அடிக்கோடிடுங்கள். அட்டையை அந்த நோட்டுக்குள் வையுங்கள். வேலைக்குப் போகும்போது வீட்டிலேயே இருக்கட்டும்.