மலையூர் வேலைக்குப் போகலாமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் நான்கு ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன், தக்கலையிலிருந்து போய் வருகிறேன். அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தின் போல்டர் என்ற மலையூரில் இருக்கும் எங்கள் கிளைக்கு என்னை மாற்ற நிறுவனம் முன்வந்துள்ளது. கணவர் தனியார் பொறியியல் கல்லூரியில் விரிவுரையாளர். மகளுக்கு ஏழு வயது. எங்களுடன் இருக்கும் மாமியாருக்கு 68 வயது. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உண்டு. "ஊட்டி மாதிரி ஊராம், இந்தச் சம்பளத்தை யார் விடுவார்கள்?" என்கிறார்கள் உறவினர்கள். எனக்கோ மனம் துணியவில்லை. எதை வைத்து முடிவு செய்வது?
– வாசகி, தக்கலை

பதில்: சம்பளத்தையும் ஊரின் அழகையும் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, உங்களை எந்த விசாவில் அனுப்புகிறார்கள் என்பதை முதலில் கேளுங்கள். ஒரே நிறுவனத்தின் வெளிநாட்டுக் கிளைக்கு மாற்றப்படுபவர்களுக்குப் பெரும்பாலும் எல்-1 விசா கிடைக்கும். கடந்த மூன்று ஆண்டுகளில் குறைந்தது ஓராண்டு தொடர்ச்சியாக அந்த நிறுவனத்தில் வேலை பார்த்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை உங்களுக்குப் பொருந்துகிறது. எச்-1பி விசாவைப் போலக் குலுக்கல் முறையும் இதில் இல்லை. ஆனால் எல்-1 விசாவில் இரண்டு வகைகள் உள்ளன. மேலாளர்களுக்கான எல்-1ஏ ஏழு ஆண்டுகள் வரை தங்க இடம் தரும். தனித்திறன் பெற்ற ஊழியர்களுக்கான எல்-1பி ஐந்து ஆண்டுகளில் முடிந்துவிடும். வேலைவாய்ப்பு வழியாக நிரந்தரக் குடியிருப்பு அட்டை (கிரீன் கார்டு) கேட்கும் இந்தியர்களில் பெரும்பாலோர் பத்து ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்கும் நிலை இருக்கிறது. அந்த வரிசையில் நிற்கும்போது விசாவை வரம்பு தாண்டி நீட்டிக்கும் சலுகை எச்-1பி-க்கு உண்டு, எல்-1-க்கு இல்லை. ஆகவே, எல்-1பி விசாவில் போகிறீர்கள் என்றால், மகள் ஏழாம் வகுப்பை எட்டும் வேளையில் அவளை மீண்டும் இங்கே ஒரு பள்ளியில் சேர்க்க நேரலாம் என்பதை இன்றே கணக்கில் கொள்ளுங்கள். இது பயமுறுத்துவதற்காக எழுதுவதன்று. ஐந்து ஆண்டுப் பயணம் என்று தெரிந்து போகிறவர்கள் செலவையும் சேமிப்பையும் வேறு விதமாகத் திட்டமிடுவார்கள் என்பதற்காகவே எழுதுகிறேன்.

எல்-1 விசா அந்த ஒரு நிறுவனத்தோடு கட்டப்பட்டது. வேலை போனால் அதிகபட்சம் 60 நாட்கள் தங்கலாம். அதற்குள் வேறு நிறுவனத்துக்கு எளிதாகத் தாவ வழியில்லை. வீட்டு வாடகை ஒப்பந்தமோ அங்கே வழக்கமாக ஓராண்டுக்குப் போடப்படுகிறது. எனவே மூன்று விஷயங்களை நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள்: அங்குள்ள பணி முடிந்தால் திருவனந்தபுரத்தில் இதே நிலையிலான பணி திரும்பக் கிடைக்குமா, ஆட்குறைப்பு நேர்ந்தால் குடும்பத்தின் பயணச் செலவையும் மீதமுள்ள வாடகையையும் யார் ஏற்பார்கள், எச்-1பி-க்கோ கிரீன் கார்டுக்கோ எந்த ஆண்டில் விண்ணப்பிப்பார்கள். வாய்மொழியாக "பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லும் மேலாளர் நல்லவராகவே இருக்கலாம், ஆனால் அவரும் ஒருநாள் வேறு இடத்துக்கு மாறிப் போவார்.

கணவரைப் பொறுத்தவரை ஓர் ஆறுதலான செய்தி உண்டு. எல்-1 ஊழியரின் துணைவருக்கு 2021 நவம்பரிலிருந்து, தனியாக அனுமதி அட்டைக்கு விண்ணப்பித்துக் காத்திராமலேயே வேலை பார்க்கும் உரிமை இருக்கிறது. இங்குள்ள விரிவுரையாளர் அனுபவம் அங்கே அப்படியே செல்லும் என்று எதிர்பார்க்காமல், முதல் ஓராண்டுக் குடும்பக் கணக்கை உங்கள் ஒரு சம்பளத்தில் மட்டும் போட்டுப் பாருங்கள்.

அந்தக் கணக்கை ரூபாயில் போடாதீர்கள். வருமான வரி போக, சமூகப் பாதுகாப்பு நிதிக்கும் முதியோர் மருத்துவ நிதிக்குமாகச் சம்பளத்தில் 7.65 விழுக்காடு பிடிப்பார்கள். அந்த ஓய்வூதியம் கிடைக்க ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் பணம் செலுத்தியிருக்க வேண்டும். இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே இதற்கான ஒப்பந்தம் இல்லாததால், ஐந்து ஆண்டுகளில் திரும்புபவருக்கு அந்தத் தொகை பயன்படுவதில்லை. உங்களுக்குச் சொல்லப்பட்ட சம்பளம் நியாயமானதா என்று சரிபார்க்க எளிய வழி ஒன்று இருக்கிறது. கொலராடோவில் 2021 முதல் வேலை விளம்பரங்களில் சம்பள வரம்பைக் குறிப்பிட வேண்டும் என்பது சட்டம். உங்கள் நிறுவனத்தின் போல்டர் கிளை இதே வேலைக்கு அந்த ஊர்க்காரர்களுக்கு என்ன தருவதாக விளம்பரம் செய்கிறது என்று தேடிப் பார்த்துவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள்.

மிச்சம் பிடிக்க முடியுமா என்பதைத் தீர்மானிப்பது வாடகைதான். சற்றேறக்குறைய ஒரு லட்சத்து எட்டாயிரம் பேர் வாழும் அந்தச் சிறிய நகரில் ஐ.பி.எம். 1965-லேயே வந்துவிட்டது, கூகுள் 2017-இல் பெரிய வளாகம் திறந்தது, ஆய்வுக்கூடங்களும் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. வேலைகள் பெருகிய அளவுக்கு வீடுகள் பெருகவில்லை. அதற்குக் காரணம் ஊர் மக்களே விரும்பி ஏற்ற கட்டுப்பாடுகள். மலைச்சரிவில் குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் நகராட்சிக் குடிநீர் தருவதில்லை என்று 1959-இல் முடிவு செய்தார்கள். ஊரைச் சுற்றியுள்ள நிலத்தைக் கட்டடமின்றிக் காப்பதற்காக 1967-இல் தங்கள் மீதே ஒரு விற்பனை வரியை விதித்துக்கொண்டார்கள். 1971-இல் கட்டடங்களின் உயரத்துக்கு 55 அடி என்று வரம்பு வைத்தார்கள். நம் குமரி மாவட்டத்தில் குன்றுகளும் குளங்களும் கரைந்து போவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் எனக்கு அந்த மக்களின் உறுதி மீது பெரும் மதிப்பு உண்டு. ஆனால் அதன் விலையைப் புதிதாக வந்து வாடகைக்குக் குடியேறுபவர்கள் கொடுக்கிறார்கள் என்பதும் உண்மை. தனி வீட்டின் விலை பத்து லட்சம் டாலரைத் தாண்டி நிற்பதால், அங்கே வேலை பார்ப்பவர்களில் பலர் லாங்மான்ட், லஃபாயெட், லூயிஸ்வில், புரூம்ஃபீல்ட் போன்ற பக்கத்து ஊர்களில் வசிக்கிறார்கள். தக்கலையிலிருந்து திருவனந்தபுரம் போய் வந்து பழகிய உங்களுக்கு அந்தத் தூரங்கள் பெரிதாகத் தோன்றாது. நீங்களும் அப்படியே செய்வது நல்லது என்பது என் கருத்து.

வாடகை வீடானாலும் உடைமைகளுக்குக் காப்பீடு எடுக்காமல் குடியேறாதீர்கள். 2021 டிசம்பர் 30 அன்று, மணிக்கு 160 கிலோமீட்டரைத் தாண்டி வீசிய காற்றில் பரவிய தீ, லூயிஸ்வில், சுப்பீரியர் ஆகிய ஊர்களில் ஆயிரத்துக்கு மேற்பட்ட வீடுகளைச் சில மணி நேரத்தில் அழித்தது. வீட்டு உரிமையாளரின் காப்பீடு கட்டடத்துக்கு மட்டுமே. உங்கள் பாஸ்போர்ட்டும் சான்றிதழ்களும் துணிமணிகளும் அதில் அடங்கா. 2017-இல் ஒக்கிப் புயலைப் பார்த்த மாவட்டத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஊட்டி மாதிரி என்பது சரியன்று. ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. போல்டர் 1,655 மீட்டர்தான். ஆனால் ஊட்டி நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருக்க, போல்டர் 40 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை, சில ஆண்டுகளில் மே மாதத்திலும் பனி கொட்டும்; டிசம்பரில் பகல் ஒன்பதரை மணி நேரம்கூட இருக்காது, ஜூனில் பதினைந்து மணி நேரம் நீளும். இரண்டு பருவமழையும் நனைக்கும் நம் மண்ணிலிருந்து போகிறவர்களைக் குளிரைவிட வறட்சியே அதிகம் துன்புறுத்தும். உதடு வெடிக்கும், குழந்தைகளுக்கு மூக்கில் இரத்தம் கசியும். படுக்கையறையில் ஈரப்பதமூட்டி ஒன்று வேண்டும், தண்ணீர் அதிகம் குடிக்க வேண்டும். உயரம் கூடக்கூடப் புற ஊதாக் கதிரின் கடுமையும் கூடுவதால், குளிர் நாளிலும் வெயிலுக்கான களிம்பைத் தடவ வேண்டும். தண்ணீர் அங்கே 95 பாகை செல்சியஸுக்கும் சற்றுக் குறைவாகவே கொதித்துவிடும் என்பதால் நம் சிவப்புச் சம்பா அரிசி திறந்த பானையில் வேக நேரமெடுக்கும். குக்கர் இருந்தால் கவலையில்லை.

கடைசியாக, நீங்கள் ஒரே வரியில் குறிப்பிட்ட மாமியார். உங்கள் மனம் துணியாததற்கு அவரே காரணம் என்று நினைக்கிறேன். எல்-1 விசாவில் கணவரும் குழந்தையும் உடன் வரலாம், பெற்றோர் வர முடியாது. பார்வையாளர் விசாவில் வந்தால் ஒரு முறைக்குப் பொதுவாக ஆறு மாதம்வரை தங்கலாம். ஆக, ஆண்டில் பாதிக்கு மேல் அவர் தக்கலை வீட்டில் இருப்பார். அந்த வீட்டில் இரவில் யார் துணைக்கு இருப்பார்கள், மாத்திரை தீர்ந்தால் யார் வாங்கி வருவார்கள், திடீரென்று மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால் கையெழுத்திடப் போகிறவர் யார் என்பதைக் கணவரின் உடன்பிறந்தவர்களையும் அமர்த்தி வெளிப்படையாகப் பேசுங்கள். அந்தப் பேச்சில் மாமியாரும் இருக்க வேண்டும். அவரைப் பற்றி அவர் இல்லாத இடத்தில் முடிவு செய்யாதீர்கள். துணைக்கு ஆள் வைக்கும் சம்பளத்தை உங்கள் மாதச் செலவில் வாடகைக்கு அடுத்த வரியில் எழுதிக்கொள்ளுங்கள். புறப்படுவதற்கு முன்பே அந்த ஏற்பாட்டை ஓரிரு மாதம் நடத்திப் பாருங்கள். குறை இருந்தால் நீங்கள் பக்கத்தில் இருக்கும்போதே தெரிந்துவிடும். நேர வேறுபாடு குளிர்காலத்தில் பன்னிரண்டரை மணி, கோடையில் பதினொன்றரை மணி. மகள் காலையில் பள்ளிக்குக் கிளம்பும் நேரம் பாட்டிக்கு இரவு உணவு நேரம். அன்றாடம் முகம் பார்த்துப் பேச அது வசதியான வேளை.

நிறுவனம் எழுத்தில் உறுதி தந்து, மாமியாருக்கான ஏற்பாடும் நிலைத்தால், போய் வாருங்கள் என்றே சொல்வேன். இரண்டில் ஒன்று கூடாவிட்டால் டெக்னோபார்க் வேலையை விடாதீர்கள்.

கேள்வி: என் மகன் லாங்மான்ட்டில் வேலை பார்க்கிறான். ஆறு மாதம் வந்து தங்கும்படி அழைக்கிறான். எனக்கு 66 வயது. சென்ற ஆண்டு இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். மலைப்பகுதி என்பதால் தயங்குகிறேன்.
– வாசகர், குழித்துறை

பதில்: லாங்மான்ட் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உயரத்தால் வரும் நோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான் தலைகாட்டும். ஆயினும் கடல்மட்டத்தை ஒட்டிய ஊரிலிருந்து போகிறவர்களுக்கு முதல் சில நாட்கள் தலைவலியும் மேல்மூச்சும் இருக்கலாம். உங்கள் இதய மருத்துவரிடம் ஊரின் உயரத்தையும் பயண நேரத்தையும் சொல்லி, போகலாம் என்று எழுதி வாங்கிய பிறகே டிக்கெட் எடுங்கள். போய்ச் சேர்ந்ததும் மகன் ஆசையோடு ராக்கி மலைத் தேசியப் பூங்காவுக்கு அழைத்துப் போக நினைப்பார். அங்குள்ள டிரெயில் ரிட்ஜ் சாலை 3,713 மீட்டர் வரை ஏறுகிறது. மருத்துவர் அதற்கெனத் தனியாக ஒப்புதல் தராமல் அந்தச் சாலையில் ஏறாதீர்கள். பார்வையாளர்களுக்கான மருத்துவக் காப்பீடுகள் பலவற்றில் முன்பே இருக்கும் நோய்க்கான பாதுகாப்பு மிகக் குறைவு. உங்களுக்கு முக்கியமானது அந்த ஒரு பிரிவே என்பதால், அதை மகனை முழுதாக வாசித்துச் சொல்லச் சொல்லுங்கள். பனிக்காலத்தைத் தவிர்த்து மே மாதக் கடைசியில் போவது நல்லது. வழுக்கும் நடைபாதையில் விழுவது, இரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்குப் பெரிய ஆபத்து.

கேள்வி: எம்.எஸ்ஸி. இயற்பியல் படிக்கிறேன். போல்டரில் விண்வெளி, குவாண்டம் துறைகளில் வேலை நிறைய இருப்பதாகச் சொல்கிறார்கள். அங்கே படித்துவிட்டு அங்கேயே வேலையில் சேர முடியுமா?
– மாணவி, கருங்கல்

பதில்: குவாண்டம் துறையில் அந்த ஊர் உலகின் முன்னணியில் இருக்கிறது. கொலராடோ பல்கலைக்கழகமும் அமெரிக்க அரசின் அளவீட்டு நிறுவனமும் சேர்ந்து நடத்தும் ஜிலா ஆய்வகத்தில் 1995-இல் முதன்முதலாகப் போஸ்–ஐன்ஸ்டைன் செறிபொருளை (கடுங்குளிரில் அணுக்கள் எல்லாம் ஒன்றுபோல் நடந்துகொள்ளும் பொருள்நிலை) உருவாக்கிய எரிக் கார்னெலும் கார்ல் வைமனும் 2001-இல் நோபல் பரிசு பெற்றார்கள். ஆனால் ஒன்றை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். விண்வெளி, பாதுகாப்பு நிறுவனங்களின் வேலைகளில் பெரும்பாலானவை ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டங்களால் அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தரக் குடியிருப்பாளர்களுக்கும் மட்டுமே கிடைக்கின்றன. அரசு ஆய்வகங்களின் நிரந்தரப் பணிகளும் பொதுவாகக் குடிமக்களுக்கே. நமக்குப் பக்கத்தில் மகேந்திரகிரியில் இஸ்ரோ இந்தியக் குடிமக்களையே பணியில் சேர்ப்பது போன்றதுதான் இது. வெளிநாட்டு மாணவர்களுக்குத் திறந்திருப்பது பல்கலைக்கழக ஆய்வு. ஆகவே கடன் வாங்கி முதுகலை படிக்கப் போவதைவிட, உதவித்தொகையோடு கூடிய முனைவர் பட்டத்துக்கு நேரடியாக விண்ணப்பியுங்கள். அமெரிக்காவில் இயற்பியல் முனைவர் பட்ட மாணவர்களுக்குக் கல்விக் கட்டணம் வாங்காமல் மாத ஊதியமும் தருவது வழக்கம். படிப்பு முடிந்த பின், அறிவியல் பட்டதாரிகள் இன்றைய விதிப்படி 12 மாதமும் கூடுதலாக 24 மாதமும் அங்கே வேலை பார்க்கலாம். சேர்க்கைக் கடிதம் கையில் வந்ததும், உதவித்தொகை எத்தனை ஆண்டுக்கு உறுதி செய்யப்பட்டிருக்கிறது, கோடை மாதங்களுக்கும் அது உண்டா என்ற இரண்டையும் துறைக்கு எழுதிக் கேட்டுவிட்டு ஒப்புதல் அனுப்புங்கள்.