லூபஸ் உள்ளவர்களுக்குத் தைராய்டும் வருமா?

லூபஸுக்கு மாத்திரை சாப்பிடுகிறேன், இப்போது தைராய்டும் என்கிறார்கள், இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. இரண்டிலும் நம் எதிர்ப்பு சக்தி நம்மையே தாக்குகிறது. லூபஸ் தோல், மூட்டு, சிறுநீரகம் என்று எங்கும் போகும். ஹாஷிமோட்டோ வகைத் தைராய்டு நோயில் குறி கழுத்திலுள்ள அந்தச் சுரப்பி. லூபஸ் உள்ளவர்களுக்கு இது வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். வீட்டில் யார் என்ன சொன்னாலும், நீங்கள் எதையோ சாப்பிட்டு வரவழைத்துக்கொண்டதல்ல.

எனக்கு 2013இல் லூபஸ். நான்கு வருடம் கழித்துப் படுத்தால் எழ முடியாத அசதி. முடி முன்பும் கொட்டியதுதான். இந்த முறை புருவத்தின் ஓரமும் மெலிந்துபோனது. திருச்சி மே மாத வெயிலில் ஃபேனை நிறுத்திப் போர்வை போர்த்திக்கொண்டு படுத்தேன். யாரிடம் சொன்னாலும், "லூபஸ்னா அப்படித்தாம்மா இருக்கும்." ஸ்டீராய்டைக் கூட்டினார்கள். முகம் வீங்கியது, அசதி அப்படியே இருந்தது. ஒன்றரை வருடம் இப்படியே போனது. காய்ச்சலுக்குப் போன தெருமுனை டாக்டர்தான் என் குரல் கரகரப்பதைக் கவனித்து, "தைராய்டு பார்த்தீங்களா?" என்று கேட்டார். தைராய்டு சுரப்பு குறைந்தால் ரத்தத்தில் ஏறும் டிஎஸ்எச் அளவு நாலைந்துக்குள் இருக்க வேண்டும், எனக்கு 46.

நான் டாக்டர்களைக் குறை சொல்லவில்லை. அசதி, மூட்டுவலி, முடி உதிர்வு எல்லாம் இரண்டு நோயிலும் உண்டு, பிரித்துப் பார்ப்பது கஷ்டம். எல்லா அசதிக்கும் தைராய்டுதான் காரணம் என்றும் சொல்லவில்லை. ஆனால் ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்திருக்கும். அதேபோல, தைராய்டு மட்டும் உள்ளவர்கள் லூபஸுக்குப் பார்க்கும் ஏஎன்ஏ ரத்தப் பரிசோதனை பாசிட்டிவ் என்று வந்ததுமே லூபஸ் என்று பயப்பட வேண்டாம். தைராய்டு நோயிலும் அது பாசிட்டிவ் ஆக வருவதுண்டு.

தைராய்டு மாத்திரையை விடிந்ததும் வெறும் வயிற்றில் போட்டுவிட்டு, காபிக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் காத்திருங்கள். ஸ்டீராய்டுக்காகக் கால்சியம் கொடுத்திருப்பார்களே, அதற்கும் இதற்கும் நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும். நான் இரண்டையும் சேர்த்து விழுங்கி மூன்று மாதத்தை வீணாக்கினேன். முடிக்கு பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை சாப்பிட்டால் டாக்டரிடம் சொல்லுங்கள், தைராய்டு பரிசோதனை ரிசல்ட்டை மாற்றிக் காட்டிவிடலாம்.

தைராய்டுக்கு மருந்து ஆரம்பித்தாயிற்று என்று லூபஸ் மாத்திரையான ஹைட்ராக்ஸிகுளோரோகுயினை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள். இதைச் சொல்லும்போது 2020 ஞாபகம் வருகிறது. கொரோனாவுக்கு நல்லது என்று யாரோ சொன்னதும் நோயே இல்லாதவர்கள் பெட்டி பெட்டியாக வாங்கி வைத்தார்கள். என் கணவர் ஊரடங்கில் ஒன்பது கடை ஏறி இறங்கி ஒரே ஒரு அட்டை கொண்டுவந்தார். ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டேன். ஜூனில் விரல்கள் வீங்கி, தண்ணீர்க் குடத்தை அவர்தான் தூக்கி வைத்தார்.