அம்மப்பாவைப் படமெடுக்க: பேட்டி வேண்டாம், மத்தளம் போதும்

தம்பி, மட்டக்களப்புக் களுவாஞ்சிக்குடியில் இருக்கும் உங்கள் அம்மப்பா வடமோடிக் கூத்து (பாட்டும் ஆட்டமுமான நாட்டுக்கூத்து) பழக்கும் ஆசிரியர், அதாவது அண்ணாவியார், இப்போது சுகமில்லை, போனை நீட்டினால் "எல்லாம் நல்லம்" என்று முடித்துவிடுகிறார், பெரியம்மாவோ படமே வேண்டாம் என்கிறார் என்று எழுதியிருந்தீர்கள்.

பேட்டியை விடுங்கள். கதிரையில் இருத்தி வாழ்க்கையைச் சொல்லுங்கள் என்றால் யாருக்கும் வாய் வராது. மத்தளத்தை மடியில் வைத்துவிட்டு, பக்கத்தில் இருந்து ஒரு வரவுத் தருவை (பாத்திரம் மேடைக்கு வரும்போது பாடும் பாட்டை) வேண்டுமென்றே பிழையாகப் பாடுங்கள். அண்ணாவியார் திருத்தாமல் விடுவாரா? யாரிடம் பழகினார், எந்த வேஷம் கட்டினார் எல்லாம் அந்தக் கோபத்திலேயே வரும். முகத்தை மட்டும் எடுக்காமல் விரல்களையும் நிறைய எடுங்கள்.

படம் கொஞ்சம் ஆடினாலும் பார்க்கலாம், சத்தம் கெட்டால் சரிவராது. ஃபேனை நிறுத்துங்கள். இன்னொரு போனில் குரல்பதிவை ஓடவிட்டு அவருக்குக் கிட்ட வையுங்கள். தொடக்கத்தில் ஒருமுறை கைதட்டினால் பிறகு இரண்டையும் பொருத்தலாம். விளக்கு வெளிச்சம் துடித்தால் போன் கமராவின் ஷட்டர் வேகத்தை 1/50 விநாடி ஆக்குங்கள்.

பெரியம்மாவின் பயம் நியாயம்தான். படுக்கையில் கிடக்கிற மனிதனை ஊர் பார்ப்பதை யார் விரும்புவார்? எடுத்ததை முதலில் பெரியம்மாவுக்குக் காட்டுங்கள். எதை வெளியே விடலாம் என்று அம்மப்பா தெளிவாக இருக்கும்போதே கேட்டு, அதையும் பதிவு செய்யுங்கள். 2020இல் வந்த 'டிக் ஜான்சன் இஸ் டெட்' ஆவணப்படத்தில் மறதி நோய் வந்த தந்தை, மகளோடு சேர்ந்து தன் சாவையே விதவிதமாக நடிக்கிறார், சிரிப்பும் வரும். பெரியம்மாவுக்குப் போட்டுக் காட்டுமுன் நீங்கள் தனியாகப் பாருங்கள்!

அப்புறம், அன்றன்றைய பதிவை அன்றைக்கே இரண்டு இடத்தில் பிரதி எடுத்து வையுங்கள்.