நாய்க்கூட்டத்தோடு குடித்தனம்: கேட்டவையும் சொன்னவையும்

யாழ்ப்பாணத்தில், கோப்பாயில் ஒரு வளவில் ஏழு நாய்களோடு இருக்கிறேன். எல்லாம் சந்தையடி, கோயிலடி, ஒழுங்கை முடக்கு என்று வந்து சேர்ந்தவை. நாய் வளர்ப்பு பற்றிக் கேள்வி இருந்தால் அனுப்புங்கள் என்று போன கிழமை சொன்னேன், வந்து குவிந்துவிட்டது. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன். மருந்தின் அளவு கேட்டவர்கள் குறை நினைக்க வேண்டாம், அது மிருக வைத்தியர் சொல்ல வேண்டியது.

கொக்குவில்: வீட்டில் இரண்டு நாய் நிற்கிறது, இரண்டும் கடுவன். திருநெல்வேலிச் சந்தையடியில் மெலிந்துபோன ஒரு பெட்டை எங்கள் பின்னாலேயே வருகிறது. கூட்டிவந்து நேரே வளவுக்குள் விடலாமா அக்கா?

விடவேண்டாம் தங்கச்சி. முதலில் வைத்தியரிடம் காட்டுங்கள். டிஸ்டெம்பர், பார்வோ போன்ற நோய்கள் வெளியில் தெரியாமலே உடம்புக்குள் இருக்கும். அதனால் முதல் இரண்டு கிழமை உங்கள் நாய்களின் மூக்குப் படாத இடத்தில், பின்விறாந்தையிலோ கொட்டிலிலோ, தனிக் கோப்பையோடு வைத்திருங்கள். உங்களுடைய இரண்டின் ஊசி அட்டையையும் எடுத்துப் பாருங்கள். விசர்நாய்க்கடி ஊசியை மட்டும் போட்டுவிட்டு எல்லாம் போட்டாச்சு என்று இருப்பவர்கள் பலர்.

அப்புறம் அறிமுகம். இதை வளவுக்குள் வைக்கக் கூடாது, அது அவர்களுடைய இடம். ஒழுங்கையில் வையுங்கள். ஒரு நாய்க்கு ஒரு ஆள், கயிறு தளர்வாக, ஒழுங்கையின் இரண்டு ஓரமாக ஒரே திசையில் நடவுங்கள். "மணந்து பார்" என்று முகத்துக்கு முகம் கொண்டுபோய் நிறுத்துவதுதான் நம் ஆட்கள் வழக்கமாகச் செய்வது. நாய் உலகத்தில் அது சண்டைக்கு அழைப்பு. தாமாக விட்டால் அவை வளைந்து வந்து பின்பக்கம்தான் மணக்கும். உடம்பு இளகி, ஒன்று நிலத்தை மணக்கத் தொடங்கினால் இடைவெளியைக் குறையுங்கள். வீட்டுக்குத் திரும்பும்போது புதியவள் முதலில் உள்ளே போகட்டும், உங்கள் ஆட்கள் பின்னால் வரட்டும். படலைக்குள் நின்று மறிக்கும் வாய்ப்பு அவர்களுக்குக் கிடைக்கக் கூடாது. அதற்கு முன்பே கோப்பை, எலும்பு, பந்து எல்லாவற்றையும் முற்றத்தில் இருந்து எடுத்துவிடுங்கள்.

மூன்று நாள், மூன்று கிழமை, மூன்று மாதம் என்று நாய் எடுத்து வளர்ப்பவர்களிடையே ஒரு கணக்கு உண்டு. முதல் மூன்று நாள் பயம், மூன்று கிழமையில் வீட்டு வழக்கம் பிடிபடும், மூன்று மாதத்தில் தன் வீடு என்று நினைக்கும். முதல் நாள் மூலைக்குள் ஒடுங்கிக் கிடப்பதை "நல்ல அமைதியான நாய்" என்று நம்பிவிடாதீர்கள். கருத்தடையைத் தள்ளிப்போடவும் வேண்டாம். அவள் பருவத்துக்கு வந்தால் உங்கள் இரண்டு கடுவனும் அண்ணன் தம்பி என்று பார்க்கமாட்டார்கள்.

மானிப்பாய்: நாங்கள்தான் தலைவன் என்று நாய்க்குக் காட்ட வேண்டுமாம், மல்லாத்திப் பிடித்து அமுக்க வேண்டுமாம். மச்சான் வீடியோவில் பார்த்துவிட்டுச் சொல்கிறார். சரியா?

மச்சானின் கதைக்கு வயது போய்விட்டது. ருடொல்ஃப் ஷெங்கெல் என்பவர் சுவிற்சர்லாந்தில் பாசல் விலங்குக் காட்சிச்சாலை ஓநாய்களைக் கவனித்து 1947இல் எழுதியதில் இருந்து கிளம்பியது அது. ஓடித் தப்ப இடமில்லாமல் அடைத்து வைத்தால் எந்தச் சீவனும் தங்களுக்குள் அடிபடத்தான் செய்யும். அமெரிக்கரான டேவிட் மெக்கும் முதலில் அதே கருத்தைப் பரப்பியவர். பிறகு காட்டு ஓநாய்களை ஆண்டுக்கணக்காகப் பார்த்து, கூட்டம் என்பது தாய் தகப்பனும் பிள்ளைகளும் சேர்ந்த குடும்பம்தான், தலைவன் போட்டி என்று ஒன்றில்லை என 1999இல் அவரே எழுதினார்.

தெரு நாய் கல்லும் பொல்லும் பார்த்துத்தான் வந்திருக்கிறது. மல்லாத்தி அமுக்கினால் உங்கள் கையையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிடும். கூட்டத்தை அடக்குவது ஒழுங்கு. சோறு எப்போது வரும், படலை எப்போது திறக்கும், யாருக்கு எந்த இடம் என்பது ஆளுக்கு ஆள் மாறக் கூடாது. நீங்கள் கதிரையில் ஏறவிடாத நாயை மச்சான் மடியில் வைத்துக் கொஞ்சினால், அந்த வீட்டில் முதலில் பழக்க வேண்டியது மச்சானை.

சுன்னாகம்: ஐந்து நாய். ஒன்றைக் கூப்பிட்டால் ஐந்தும் வருகின்றன. ஒன்றுக்கு நீட்டிய பிஸ்கட்டை மற்றது பறிக்கிறது. எப்படித்தான் பழக்குவது?

ஐந்தையும் வைத்துக்கொண்டு தொடங்கினால் நடக்காது தம்பி. தனித்தனியாகப் பழக்கித்தான் பிறகு சேர்க்க வேண்டும். நான்கைப் பின்வளவில் விட்டுவிட்டு ஒன்றோடு ஐந்து நிமிஷம், அவ்வளவுதான். அதற்கு மேல் நாய்க்கும் அலுக்கும், உங்களுக்கும் கோபம் வரும்.

நான் சாக்கில் தொடங்குவேன். பழைய அரிசிச் சாக்கை இரண்டாக மடித்து நிலத்தில் போடுங்கள். கையில் உப்பில்லாமல் அவித்த கோழி ஈரல், கடலையளவு துண்டுகளாக. நாய் சாக்கில் ஒரு கால் வைத்தாலும் "சாக்கு" என்று சொல்லித் துண்டைச் சாக்கின் மேலேயே போடுங்கள். கையில் கொடுத்தால் அது உங்கள் கையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். சாக்கில் விழுந்தால் சாக்கைத் தேடிப் போகும். நாலு காலும் ஏறினால் அடுத்த துண்டு, தானாகப் படுத்தால் இரண்டு மூன்று. பிறகு நீங்கள் ஒரு அடி பின்னால் போய்த் திரும்பி வாருங்கள், நாய் எழும்பாவிட்டால் ஒரு துண்டு. அதன் பின் படலையைத் திறந்து மூடுங்கள். எழும்பிவிட்டால் கத்த வேண்டாம். துண்டு கிடையாது, திரும்பச் சாக்கில் இருந்து தொடங்குங்கள், அடுத்த முறை தூரத்தைக் குறையுங்கள்.

ஒவ்வொன்றும் இதைப் படித்த பிறகு இரண்டு நாய், இரண்டு சாக்கு, நடுவில் நல்ல இடைவெளி. பெயரைச் சொல்லி, பெயருக்குரியவர் சாக்கில் மட்டும் போடுங்கள். மற்றவர் பொறுத்திருந்தால் அடுத்தது அவருக்கு. தன் முறையும் வரும் என்று தெரிந்த நாய் பறிக்க வராது. ஆட்கள் வந்து படலையைத் தட்டும்போது ஐந்தும் சாக்குக்கு ஓடும் நாள் வரும், அவசரப்பட வேண்டாம்.

பெயர்களையும் பாருங்கள். ரொமி, ரொனி, ரொசி என்று வைத்திருக்கிறீர்கள். மூன்றும் சேர்ந்து ஓடிவருவதற்கு நாய்களைக் குறை சொல்ல முடியாது. இரண்டையாவது மாற்றிவிடுங்கள், ஈரல் இருந்தால் புதுப் பெயரை ஒரு கிழமைக்குள் பிடித்துக்கொள்ளும்.

சாவகச்சேரி: சாப்பாட்டு நேரம் வந்தால் வீடு போர்க்களம். மூத்தது உறுமினால் அடித்து அடக்குகிறோம். ஒருநாள் பெரிதாக அடிபட்டும் விட்டன. விலக்கப் போன கணவருக்கும் கீறல்.

முதலில் அந்த அடியை நிறுத்துங்கள் அக்கா. உறுமல் என்பது "கிட்ட வராதே" என்ற அறிவித்தல். அதற்கு அடி விழுந்தால் நாய் அறிவிக்காமலே கடிக்கப் பழகும். உறுமலுக்கு முன்பே அடையாளம் தெரியும். தலை கோப்பைக்குள் இன்னும் தாழும், உடம்பு விறைக்கும், கண்ணின் வெள்ளை தெரியப் பக்கவாட்டில் பார்க்கும், அரக்கப் பரக்க விழுங்கும். அந்த நேரம் மற்ற நாயும் பிள்ளையும் அந்தப் பக்கம் போகாமல் பார்ப்பது உங்கள் வேலை.

ஒரே இடத்தில் கொட்டிவிட்டு "பங்கிட்டுச் சாப்பிடுங்கோ" என்றால் எப்படி? இங்கே கிணற்றடியில் ஒருவர், மாமரத்தடியில் ஒருவர், விறாந்தைத் தூணில் ஒருவர் என்று ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாமல் வைக்கிறேன். அடாவடிக்காரர் அறைக்குள், கதவு பூட்டி. கால் மணித்தியாலத்தில், மிச்சம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், கோப்பைகள் எல்லாம் எழும்பிவிடும். வெறுங்கோப்பைக்கும் சண்டை வரும்.

அடிபட்டால் கழுத்துப் பட்டியில் கை வைக்கக் கூடாது, கடி விழுவது அப்படித்தான். ஒரு வாளி தண்ணீரை முகத்தில் ஊற்றுங்கள், அல்லது பலகையோ கதிரையோ நடுவில் செருகுங்கள். பெரியவர்கள் இருவர் இருந்தால் ஆளுக்கொரு நாயின் பின்னங்கால் இரண்டையும் தூக்கிப் பின்னால் இழுக்கலாம், வாய் பிடிவிட்டிருந்தால் மட்டும். பிரித்த பிறகு அன்று முழுக்க வேறு வேறாக வையுங்கள்.

அச்சுவேலி: என்ன சாப்பாடு கொடுக்கிறீர்கள்?

சோறும் அவித்த மீனும், பூசணி, கரட் ஏதாவது. உப்பு, தூள் இல்லை. மீன் முள்ளை எடுத்துவிடுவேன். அவித்த கோழி எலும்பு கூடாது, சிலும்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். வெங்காயம் எந்த வடிவத்திலும் வேண்டாம், இரத்தத்தைக் கெடுக்கும். ஆகவே மிஞ்சிய கறியை நாய்ச் சோற்றில் ஊற்றாதீர்கள். உங்கள் பக்கத்தில் முந்திரிகை (திராட்சை) தோட்டங்களும் இருக்கின்றன. முந்திரிகைப் பழமும், அதைக் காயவைத்த பிளம்ஸும் நாயின் சிறுநீரகத்தைப் பழுதாக்கும், கொட்டுண்டு கிடப்பதைப் பொறுக்கவிடாதீர்கள்.

உரும்பிராய்: எங்கள் நாய்கள் மோட்டார் சைக்கிளைக் கலைக்கின்றன. குரைக்கிற நாய் கடிக்காது என்றால் அயலவர் நம்பவில்லை. பிடித்துக் கொல்லச் சொல்லிப் பிரதேச சபைக்கு அறிவிப்பாராம்.

நானும் நம்பமாட்டேன் அண்ணை. குரைக்கிற நாய் நன்றாகவே கடிக்கும். கடிக்காவிட்டாலும், பயந்து பிரேக் போட்டு விழுகிறவருக்குக் கால் முறிகிறது. இலங்கையில் 2006 முதல் தெரு நாய்களைக் கொல்லாத கொள்கை இருக்கிறது, அந்த வெருட்டலுக்குப் பயப்பட வேண்டாம். ஆனால் ஒழுங்கையில் நடப்பதற்கு நீங்கள்தான் பொறுப்பு. நாய்ப் பதிவுச் சட்டம் 1901ஆம் ஆண்டில் இருந்தே இருக்கிறது. ஊசி அட்டையோடு போய்ப் பதிந்துவிட்டு, அயலவருக்கு அட்டையைக் காட்டுங்கள், பாதிக் கோபம் ஆறும்.

கலைப்பது கூட்டத்தில்தான் கூடும். ஒன்று தொடங்கும், மற்றவை ஏன் என்று தெரியாமலே ஓடும். அந்த ஒன்றைக் கண்டுபிடித்து அதற்குப் பயிற்சி கொடுங்கள். நாய் படலைக்கு உள்ளே, கயிற்றில். தெரிந்தவர் ஒருவர் தூரத்தில் மெதுவாக ஓட்டிப் போகட்டும். நாய் பார்த்துவிட்டு உங்கள் பக்கம் திரும்பும் கணத்தில் ஈரல். தூரத்தைக் கிழமைக் கணக்கில் குறையுங்கள். அதுவரைக்கும் வேலியில் பொட்டு இருந்தால் அடையுங்கள். பொட்டு இருக்கும் வேலிக்குப் பின்னால் எந்தப் பயிற்சியும் நிற்காது.

நல்லூர்: பொங்கல் விடிய வெடி கொளுத்தினால் ஒன்று மதில் பாய்ந்து ஓடுகிறது. மற்ற இரண்டும் தங்களுக்குள் கடிபடுகின்றன.

பயந்த நாய் பக்கத்தில் நிற்பவரில்தான் பாயும், ஆகவே முதல் நாள் இரவே மூன்றையும் பிரியுங்கள். ஓடுகிறதை உள் அறையில், யன்னல் மூடி, மின்விசிறியும் வானொலியும் போட்டு, கட்டாமல் விடுங்கள். உங்கள் மடியில் ஒட்டிக்கொண்டால் தடவுங்கள். தடவினால் பயம் கூடும் என்பது பொய். கழுத்துப் பட்டியில் தொலைபேசி இலக்கம் எழுதி வையுங்கள். தீபாவளிக்கும் இதேதான்.

காரைநகர்: சொறிக்குக் கழிவு ஒயில் பூசலாமா?

கூடாது. நாய் நக்கும், ஈரலும் சிறுநீரகமும் பழுதாகும், தோலும் வேகும். சொறிக்கு இப்போது நல்ல மருந்து இருக்கிறது, வைத்தியரிடம் போங்கள். போகும்போது உண்ணியையும் காட்டுங்கள். முரசு (பல் ஈறு) வெளுத்து, சிறுநீர் கோப்பி நிறமாகப் போனால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம், அன்றே கொண்டுபோக வேண்டும்.

வட்டுக்கோட்டை: பெட்டைக்கு ஒருமுறையாவது குட்டி போடவிட்டுக் கருத்தடை செய்வதுதான் நல்லது என்கிறார்கள். பாவம் இல்லையா?

மருத்துவத்தில் அப்படி ஒன்றும் இல்லை. அறுபத்து மூன்று நாளில் ஆறு ஏழு குட்டி வரும். கடுவன் குட்டியைக் கேட்டு வருவார்கள். பெட்டைக் குட்டிகள் சாக்கில் கட்டப்பட்டு வைரவர் கோயிலடியில் விடப்படும். வைரவரின் வாகனம் என்ற நினைப்பு அப்போது ஒருவருக்கும் வருவதில்லை. பாவம் என்றால் நான் அதைத்தான் சொல்வேன். வேளைக்குச் செய்தால் கருப்பையில் சீழ் பிடிப்பது இல்லை, முலைக் கட்டிக்கான வாய்ப்பும் குறையும்.

சங்கானை: எங்கள் சொந்த நாய்தான், ஊசி போட்டது. விளையாட்டில் மகனைக் கடித்துவிட்டது. மஞ்சள் பூசினோம். போதுமா?

போதாது. இதை வாசித்தவுடன் காயத்தைச் சவர்க்காரம் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவி, இன்றே அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள், அட்டையையும் கொண்டு. ஊசி வேண்டுமா இல்லையா என்பதை அவர்கள் சொல்வார்கள், அங்கே காசு இல்லை. நாயைக் கொல்லவோ கலைக்கவோ வேண்டாம், 14 நாள் கட்டி வைத்துப் பாருங்கள். விசர்நாய்க்கடி நோய் அறிகுறி காட்டிய பிறகு மனிதரைக் காப்பாற்றுவது இல்லை என்றே சொல்லலாம்.

ரொறன்ரோ: அப்பா அம்மாவை இங்கே கூப்பிடுகிறோம். புங்குடுதீவு வீட்டில் நான்கு நாய், எல்லாம் அப்பா எடுத்து வளர்த்தவை. சரணாலயத்தில் விடலாமா?

விசா கையில் கிடைக்குமுன் தொடங்குங்கள் தம்பி, கடைசிக் கிழமையில் வரும் தொலைபேசி அழைப்புகள்தான் எனக்கு அதிகம். இயக்கச்சியில் சிவபூமி அறக்கட்டளை தொடங்கிய நாய்கள் சரணாலயம் இருக்கிறது, கேட்டுப் பாருங்கள். ஆனால் அப்படியான இடங்கள் எப்போதும் நிரம்பித்தான் இருக்கும், வீட்டில் வளர்ந்த கிழட்டு நாய் அந்தக் கூட்டத்துக்குள் திணறும். நான் விரும்புவது வேறு. வீட்டைப் பார்க்க ஒரு குடும்பத்தை இருத்தத்தானே போகிறீர்கள்? நாயைப் பிடிக்காதவர்களை இருத்தாதீர்கள். அப்பா போகுமுன் ஒரு மாதமாவது அவர்கள் கையால் சோறு வைக்கட்டும், அப்பா ஒதுங்கி நிற்கட்டும். சோற்றுக் காசையும் வைத்தியர் காசையும் வீட்டுச் செலவோடு கலக்காமல் தனியாக மாதாமாதம் அனுப்புங்கள். நான்கையும் பிரிக்க வேண்டி வந்தால் ஒன்றோடொன்று படுத்துறங்கும் சோடியையாவது ஒரே வீட்டுக்குக் கொடுங்கள். அது எந்தச் சோடி என்று உங்களுக்குத் தெரியாது, அப்பாவைக் கேளுங்கள்.